அயல்வீடும் அயல்நாடும்: நகரத்தில் அந்நியமாதல் என்றால் என்ன?

காலை ஏழு மணிக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் ஒரு சிறு வரிசை நிற்கும். காவலர் அறையின் சன்னல் திட்டில் நீளமான நோட்டு ஒன்று விரிந்து கிடக்கும். பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. தேதி, பெயர், எங்கிருந்து வருகிறார், யாரைப் பார்க்க, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று ஆறு கட்டங்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, பெருக்கித் துடைத்துத் தரும் அக்கா ஆறு ஆண்டுகளாக அந்த வரிசையில் நின்று, அந்த நோட்டில் பதிந்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். திரும்பிப் போகும்போது கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும்.

ஒருநாள் கூரியர் வாங்கக் கீழே இறங்கியவள், காவலர் வரும்வரை சும்மா நிற்காமல் அந்த நோட்டைப் புரட்டினேன். அந்த மாதத்தின் பாதி நாட்களில் அக்காவின் பெயரே இல்லை. வரிசை நீண்டுவிட்டால் காவலர்தான் அவசரமாக எழுதிவிடுகிறார். பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் எங்கள் வீட்டு எண்ணும் அதன் பக்கத்தில் 'வேலை' என்ற சொல்லும் மட்டுமே இருந்தன.

எங்கள் வீட்டின் எந்தக் குழாய் ஒழுகும், எந்த அலமாரிக் கதவை ஒரு தூக்குத் தூக்கித் திறக்க வேண்டும், என் மகளுக்குச் சளி பிடிக்கப்போகிறது என்பதை எந்த இருமலில் கண்டுகொள்ளலாம் என்பதெல்லாம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் அந்த வளாகத்துக்கு ஒவ்வொரு காலையும் புதிதாக வருகிறவர். போன மாதம் குடிவந்தவரின் காருக்குக் கண்ணாடியில் ஒட்டிய வில்லை போதும். தடுப்புக் கம்பி தானே மேலே எழும்பிவிடும்.

இதைப் பார்த்த அன்று எனக்கு வெறும் வருத்தம்தான் இருந்தது. கல்லூரியில் தேர்வுக்காகப் படித்து மறந்துபோன 'அந்நியமாதல்' என்ற சொல் சில நாட்கள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அரசியல் கட்டுரைகளிலும் இலக்கிய விமரிசனங்களிலும் அடிக்கடி புழங்கும் சொல் இது. பலரும் இதைத் 'தனிமை' என்று பொருள் கொண்டுவிடுகிறார்கள். அது சரியில்லை. எங்கே தவறுகிறது என்பதை முதன்முறை கேட்பவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு சொல், இரண்டு பொருள்

தமிழில் 'அயல்' என்றொரு சொல் உண்டு. அயல்வீடு என்றால் பக்கத்து வீடு. அயல்நாடு என்றால் வேற்று நாடு. அக்கம்பக்கத்தாரை ஈழத்தமிழர் 'அயலவர்' என்பார்கள். நம் செய்தித்தாள்களில் 'அயலவர்' என்றால் பெரும்பாலும் வேற்றவர். அருகில் இருப்பதையும் அந்நியமாக இருப்பதையும் ஒரே சொல்லால் குறிக்கிற மொழி நம்முடையது. இந்தச் சொல்லை நினைத்துக்கொண்டால் கருத்து பாதி விளங்கிவிடும்.

நமக்குத் தொடர்பே இல்லாத ஒன்று நமக்கு அந்நியமாக இருப்பதில் வியப்பில்லை. ஐஸ்லாந்தின் மீன்பிடித் துறைமுகம் எனக்கு அந்நியம். அதனால் எனக்கு எந்த இழப்பும் கிடையாது. அந்நியமாதல் என்பது வேறு. நாமே செய்தது, நாளும் புழங்குவது, நம்முடையதாக இருந்திருக்க வேண்டியது, நம்மிடமிருந்து பிரிந்து போய் நமக்கு எதிரே ஒரு வேற்றுப் பொருளைப்போல நிற்பதுதான் அது. தான் கட்டிய கட்டடத்துக்குள் நுழைய முடியாத கொத்தனாரை எண்ணிப் பாருங்கள். ஆறு மாதம் அந்தக் கட்டடத்திலேயே படுத்துறங்கியவர், திறப்பு விழாவுக்கு மறுநாள் அங்கே போனால் "என்ன வேண்டும்?" என்று கேட்பார்கள்.

தனிமை என்பது மனத்தின் நிலை. நல்ல நண்பர் ஒருவர் கிடைத்தால் தீர்ந்துவிடக்கூடும். அந்நியமாதல் ஓர் ஏற்பாடு. நாலு பேர் கூடிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதும் அது இருந்துகொண்டே இருக்கும். எங்கள் வாயிலின் காலை வரிசையில் நிற்கும் பெண்கள் நன்றாகவே சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள்.

சேலைக்கடையில் மார்க்ஸ்

இந்தக் கருத்தை இன்று நாம் பேசும் வடிவில் முதலில் விரித்து எழுதியவர் கார்ல் மார்க்ஸ். 1844இல், பாரிஸில், 26 வயதில் அவர் எழுதிவைத்த கையெழுத்துப் படிகள் அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து 1932இல்தான் முழுமையாக அச்சேறின. அவற்றில் அவர் கேட்கும் கேள்வி எளியது. உழைப்பவர் ஏன் தன் உழைப்பில் மகிழ்ச்சி காண்பதில்லை? மனிதர்கள் எதையாவது செய்து பார்ப்பதில் இன்பம் காண்பவர்கள்தானே? கோலம் போடுகிறோம், தோட்டம் வைக்கிறோம், யாரும் கூலி தராமலே ஊருக்குப் பந்தல் போடுகிறோம். அதே கைகள் கூலிக்குப் போகும்போது மட்டும் ஏன் மணி எப்போது ஆறாகும் என்று காத்துக் கிடக்கின்றன?

அவர் தந்த விடைக்கு நான்கு பக்கங்கள் உண்டு. அவற்றை நான் புரிந்துகொண்டது தியாகராய நகரின் ஒரு சேலைக்கடையில்.

போன ஆண்டு உறவினர் திருமணத்துக்குப் பட்டு எடுக்கப் போயிருந்தோம். வாடிக்கையாளர்களான எங்களுக்கு முக்காலி. எதிரே நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம், இருபது வயதைத் தாண்டாத ஒரு பெண். அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே வீச்சில் முந்தானை எங்கள் பக்கம் விழும்படி விரித்தார். முப்பது சேலையாவது விரித்திருப்பார். நாங்கள் எதையும் எடுக்கவில்லை. எழுந்து அடுத்த பகுதிக்கு நகர்ந்தபோது திரும்பிப் பார்த்தேன். அந்த முப்பதையும் மடிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு காலை மற்றொரு காலின் மேல் தேய்த்துக்கொண்டு, உடல் எடையை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி நின்றார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார எதுவும் இல்லை.

முதலாவது பக்கம், அந்தச் சேலை அவருடையது இல்லை. ஆயிரம் பட்டுகளைத் தொட்டுத் தடவி விரிக்கும் அந்தக் கைக்கு அவற்றில் ஒன்றை வாங்கப் பல மாதச் சம்பளம் வேண்டும். இரண்டாவது, அந்த வேலையும் அவருடையது இல்லை. எப்போது நிற்பது, எப்போது கழிப்பறைக்குப் போவது, எத்தனை புன்னகை, எல்லாம் வேறொருவர் வகுத்தவை. வேலையில் இல்லாதபோதுதான் உழைப்பாளி தன் வீட்டில் இருப்பதுபோல் உணர்கிறான், வேலையில் இருக்கும்போது அப்படி உணர்வதில்லை என்று மார்க்ஸ் எழுதுகிறார். மூன்றாவது, தானே யோசித்து, தானே விரும்பிச் செய்வதுதான் மனிதருக்கே உரிய இயல்பு. அந்த இயல்பே பிழைப்புக்கான கருவியாகச் சுருங்கிவிடுகிறது. நான்காவது, மற்ற மனிதர்கள் தூரமாகிவிடுகிறார்கள். பக்கத்து மேசைத் தோழி விற்பனை இலக்கில் போட்டியாளர் ஆகிறார். எதிரே முக்காலியில் இருக்கும் நானோ வாங்குகிறவளா, வாங்காமல் போகிறவளா என்ற ஒரே அளவில் எடை போடப்படுகிறேன். நானும் அவர் பெயரைக் கேட்கவில்லை. எனக்கு அவர் ஒரு கை; அவருக்கு நான் ஒரு பில்.

இங்கே ஒரு செய்தி. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் உட்கார வசதியாக ஒவ்வொரு நிறுவனமும் இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்பே, 2018இல், கேரளம் இதைச் செய்திருந்தது. அங்கே கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற உரிமை அது. உட்காருவதற்குச் சட்டம் வேண்டியிருந்தது! சொந்தக் கால்களை எப்போது மடக்கலாம் என்பதுகூட ஒருவரின் கையை விட்டுப் போயிருந்தது என்றுதானே இதற்குப் பொருள்? அந்நியமாதலைத் தத்துவம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் இந்தச் சட்டத்தைத்தான் காட்டுவேன்.

மார்க்ஸின் காலத்தில் ஆலைச் சங்கு இருந்தது, மேற்பார்வையாளர் இருந்தார். இன்று சாப்பாடு கொண்டுவந்து தரும் இளைஞருக்குச் சண்டை போடக்கூட ஒரு மேலாளர் முகம் இல்லை. கைப்பேசியில் ஒரு வரைபடம், ஒரு கடிகாரம், வாடிக்கையாளர் போடும் நட்சத்திரங்கள். அவரை நிறுவனங்கள் 'பார்ட்னர்' என்கின்றன. பங்காளி என்று பெயர் சூட்டிவிட்டு, கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அவரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2025இல் சென்னை மாநகராட்சி இப்படிப்பட்டவர்களுக்காக அண்ணா நகரிலும் கலைஞர் கருணாநிதி நகரிலும் குளிர்சாதன ஓய்வறைகளைத் திறந்தது. வெயிலில் சாலையோர மரத்தடியும் வண்டி இருக்கையுமே கதியாக இருந்தவர்களுக்கு ஓர் அறையும் கழிப்பறையும் கிடைத்திருப்பது பெரிய விஷயம்தான்.

நகரம் தந்த விடுதலை

அப்படியானால் நகரம் கெட்டது, கிராமம் நல்லது என்று சொல்லிவிடலாமா? இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். "எங்கள் ஊரில் எல்லாரும் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகுவோம்" என்று ஏங்குகிறவர், அந்த ஊரில் தெருவும் சேரியும் தனித்தனியாக இருந்ததை மறந்துவிடுகிறார்.

பெர்லினில் பிறந்து வளர்ந்த கியார்க் சிம்மல் என்ற சமூகவியலாளர் 1903இல் பெருநகரமும் மனவாழ்வும் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். 1871இல் எட்டு லட்சம் பேர் இருந்த பெர்லின், 1900இல் கிட்டத்தட்ட 19 லட்சத்தைத் தொட்டிருந்தது. டிராம், விளம்பரம், கூட்டம், சத்தம் எல்லாம் அவர் கண்முன்னே பெருகின. இத்தனைக்கும் மனம் கொடுத்து நின்றால் மனிதர் நொறுங்கிப்போவார். ஆகவே நகரவாசி மூளையை முன்னே நிறுத்தி மனத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறார் என்றார் அவர். எதைப் பார்த்தாலும் 'சரி, இருக்கட்டும்' என்று கடக்கும் ஒரு மரத்த தன்மை வந்துவிடுகிறது. கிண்டியில் மின்சார ரயில் நிற்கும்போது, கைக்குழந்தையோடு ஏறிப் பாட்டுப் பாடி யாசிப்பவரைப் பார்க்காமல் எத்தனை பேர் சன்னல் பக்கம் திரும்புகிறோம்? கொடியவர்களாக இருப்பதால் திரும்பவில்லை. ஒரு நாளைக்கு இருபது முறை கலங்கி நிற்க யாராலும் முடியாது.

பணமும் இதில் ஒரு கை என்றார் சிம்மல். எல்லாவற்றையும் பணம் 'எவ்வளவு?' என்ற ஒரே கேள்வியாக்கிவிடுகிறது, 'யார்?' என்பதும் 'எப்படிப்பட்டது?' என்பதும் தேவையற்றுப் போகின்றன. பெர்லினின் கடிகாரங்கள் எல்லாம் திடீரென்று ஒரு மணி நேரம் முன்பின்னாக ஓடினால் போதும், அந்த நகரத்தின் வாணிபம் குலைந்துபோகும் என்று அதே கட்டுரையில் சொல்கிறார்.

ஆனால் அதே சிம்மல் இன்னொன்றையும் சொன்னார். இந்த விலகல்தான் நகரவாசிக்கு, சிற்றூரில் கிடைக்காத தனி மனித விடுதலையைத் தருகிறது. நம் நாட்டில் இதை நன்றாக உணர்ந்தவர்கள் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் போற்றியவர்களைப் பார்த்து, குறுகிய புத்தியும் அறியாமையும் வகுப்புவாதமும் அடைந்து கிடக்கும் குகைதானே அது என்று கேட்டார். ஊரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்த தெருக்களிலிருந்து வந்தவருக்கு, யாரும் தன்னைத் தெரிந்துகொள்ளாத மாநகரப் பஸ்ஸில் ஓர் இருக்கை கிடைப்பது சாதாரணச் செய்தி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்காதது அங்கே ஒரு கொடை.

நானும் பதினேழு வயதில் சிற்றூரிலிருந்து வந்தவள்தான். எத்தனை மணிக்கு வீடு திரும்பினாய், யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று தெருவே கணக்கு வைத்த இடத்தை விட்டு, பெயர் தெரியாத கூட்டத்துக்குள் நடந்தபோது எனக்கு மூச்சு வந்தது. ஆகவே முகம் தெரியாமை வேறு, முகம் மறுக்கப்படுவது வேறு. முதலாவதை நகரம் எனக்கு விடுதலையாகத் தந்தது. இரண்டாவதை எங்கள் வாயில் நோட்டு அக்காவுக்குத் தினமும் செய்கிறது. ஒரே நகரம் ஒருவருக்கு விடுதலையும் இன்னொருவருக்கு அந்நியமாதலும் தருமானால், இரண்டுக்கும் நடுவே இருப்பது எது? பணம், நிலம், சாதி. நகரத்து ஏற்றத்தாழ்வைப் பேசாமல் அந்நியமாதலைப் பேசுகிறவர்கள் பாதியைத்தான் பேசுகிறார்கள். வாடகை வீடு தேடியவர்கள் அறிவார்கள். நகரமும் சில கதவுகளில் 'நீங்கள் என்ன ஆட்கள்?' என்று இன்றும் கேட்கத்தான் செய்கிறது.

தூரம் எப்படிக் கட்டப்படுகிறது

மார்க்ஸின் நண்பர் பிரெடரிக் எங்கெல்ஸ் 1842இன் கடைசியில் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு வந்தார். அவருடைய தந்தைக்கு அங்கே பருத்தி ஆலையில் பங்கு இருந்தது. 1845இல் வெளிவந்த தம் நூலில், அந்த நகரம் கட்டப்பட்டிருந்த விதத்தைப் பற்றி அவர் எழுதியது இன்றும் திடுக்கிட வைக்கிறது. பணக்காரர்களின் வீடுகள் புறநகரில், வேலையிடம் நகரின் நடுவில். இடையே பெரிய சாலைகள். சாலையின் இரண்டு பக்கமும் சுத்தமான கடைகள். அந்தக் கடைகளின் முதுகுக்குப் பின்னால் தொழிலாளர் குடியிருப்புகள், சாக்கடை, நோய். பல ஆண்டுகள் அந்த ஊரில் வாழ்ந்து, நாள்தோறும் போய் வந்தாலும், தொழிலாளர் பகுதி ஒன்றை ஒருவர் பார்க்காமலே இருந்துவிட முடியும் என்றார். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு மறைக்கவில்லை. நில விலையும் வாணிபமும் சேர்ந்து தாமாகவே அப்படி ஒரு திரையைத் தைத்துவிட்டன.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை என்ற ராஜீவ் காந்தி சாலையில் நான் தினமும் இந்தத் திரையைப் பார்க்கிறேன். 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பம் இந்தச் சாலையில் குடியேறத் தொடங்கியது. அதே காலத்தில்தான், அதே சாலையை ஒட்டிய துரைப்பாக்கத்தில், குடிசை மாற்று வாரியம் கட்டிய கண்ணகி நகரில் மக்கள் குடியேற்றப்பட்டார்கள். அவர்கள் தாமாக வந்தவர்கள் இல்லை. கூவத்தின் கரையிலிருந்தும், பறக்கும் ரயில் பாதையின் ஓரத்திலிருந்தும், நகரின் நடுவே பாலமும் சாலையும் வந்த இடங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவர்கள். பிறகு 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி. அதற்குப் பின் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பல்லாயிரம் பேர் அங்கே போனார்கள். கண்ணகி நகரில் 15,000க்கும் மேல் வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேல்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1970இல் வாரியம் தொடங்கியபோது 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் முழக்கம். குடிசைகள் இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிகள் கட்டித் தருவதுதான் முதல் எண்ணம். நகரின் பழைய பகுதிகளில் அந்த 'ஹவுசிங் போர்டு' கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே இருப்பவருக்கு வேலையும் மருத்துவமனையும் நடக்கும் தூரம். பிறகு நகரத்தின் நடுவில் நிலம் தங்கமானது. வெளியே நிலம் மலிவு. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் கட்டினால் செலவும் குறைவு. 2005இல் தொடங்கிய ஜவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணமும் இப்படிப்பட்ட பெருந்தொகுப்புகளுக்கு வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சி மக்களில் சுமார் 29 விழுக்காட்டினர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். நகரின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானவர்களுக்கு நகரத்தில் இடமில்லை என்று சந்தை சொன்னது. அரசும் அதை ஏற்றுக்கொண்டதுபோல நடந்துகொண்டது.

கணக்குப் புத்தகத்தில் இது முன்னேற்றம். ஓலைக்கும் தார்ப்பாய்க்கும் பதில் கான்கிரீட். பொதுக் கழிப்பிடத்துக்குப் பதில் வீட்டுக்குள் கழிப்பறை. கூவத்தின் வெள்ளத்துக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். இது பொய் இல்லை. கதவைத் தாழிட்டுக் குளிக்க முடிகிறதே என்று நிம்மதி கொண்ட பெண்கள் உண்டு. ஆனால் முதலில் கட்டிய வீடுகளில் பல 200 சதுர அடியைத் தாண்டாதவை. அதைவிட முக்கியமாக, வீடு என்பது சுவர் மட்டும் இல்லையே. கடனுக்கு அரிசி தந்த கடை, காய்ச்சல் வந்தால் குழந்தையைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டுக் கிழவி, ஐந்து நிமிட நடையில் நான்கு வீட்டு வேலை, மீன் வாங்கி விற்ற துறை, எல்லாம் ஒரே நாளில், ஒரு லாரிப் பயணத்தில் அறுந்துபோயின. பல முறை இது பள்ளி ஆண்டின் நடுவில் நடந்தது. படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு.

எங்கள் அக்கா நுங்கம்பாக்கத்தில் கூவக்கரையில் பிறந்தவர். கண்ணகி நகருக்கு வந்த பிறகும் எட்டு ஆண்டுகள் நுங்கம்பாக்கத்துக்கே வேலைக்குப் போய் வந்திருக்கிறார். காலை நான்கரைக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, கூட்டத்தில் தொங்கி. ஏன் இங்கேயே வேலை தேடவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அங்கே என்னைத் தெரியும்மா" என்றார்.

தெரியும் என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. புதிய இடத்தில் அவரை யாருக்கும் தெரியாது; முகவரியை மட்டும் தெரியும். கண்ணகி நகர் என்று சொன்னாலே வேலை தரத் தயங்கியவர்கள் உண்டு. அதனால் விண்ணப்பத்தில் வேறு முகவரி எழுதிய இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. தான் வாழும் தெருவின் பெயரையே மறைத்துப் பேச வேண்டியிருப்பதைவிட அந்நியமாதலுக்கு வேறு உதாரணம் வேண்டுமா? அந்த இடத்துக்கு வைத்த பெயரையும் நினைத்துக்கொள்கிறேன். பிறந்த ஊரை விட்டு வேற்றூர் வந்து, தன்னை யார் என்றே அறியாத அரசனின் வாயிலில் நின்று, தன் ஊரையும் பெயரையும் தானே சொல்லி நீதி கேட்டவளின் பெயர் அது.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதை 'இலவசம்' என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நகரத்தின் நடுவிலிருந்து தூக்கி எறியப்பட்டவர்களுக்கு அது அந்தத் தூரத்தின் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது என்றே எனக்குத் தோன்றுகிறது. நேரத்தை மட்டும் எந்தப் பஸ்ஸும் திருப்பித் தருவதில்லை. சம்பளத்தில் உள்ள ஏற்றத்தாழ்வை எல்லாரும் பேசுகிறோம். ஒருவருக்கு அலுவலகம் பத்து நிமிடம், இன்னொருவருக்கு இரண்டு மணி நேரம் என்பதும் ஏற்றத்தாழ்வுதான். தூங்கும் நேரமும் பிள்ளைக்குச் சோறூட்டும் நேரமும் அந்தக் கணக்கில்தான் கழிகின்றன.

மேல்மாடியில் இருப்பவர்கள்

பதினோராவது மாடியில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் அந்நியமாகவில்லையா? ஆகியிருக்கிறோம். எங்கள் தளத்தில் நான்கு வீடுகள். எதிர்வீட்டில் ஒரு முதியவர் இறந்ததை நான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நடுவே பன்னிரண்டடி தாழ்வாரம் மட்டுமே இருந்தது. அமெரிக்கப் பகலுக்காக இரவெல்லாம் கணினி முன்னால் விழித்திருக்கும் இளைஞருக்கும், தான் எழுதும் நிரல் எங்கே போய் என்ன ஆகிறது என்று தெரியாது. இருபது ஆண்டு வீட்டுக்கடன் அவரை அந்த நாற்காலியில் கட்டி வைத்திருக்கிறது. ஒரு காலை மின்னஞ்சல் வந்து வேலை போனால், மாலைக்குள் அவருடைய அடையாள அட்டை அந்தக் கண்ணாடிக் கதவைத் திறக்காது.

ஆனால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் அது பொய். 1845இல் மார்க்ஸும் எங்கெல்சும் சேர்ந்து வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகப் பிரித்தார்கள். சொத்துள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அந்நியமாதலுக்குத்தான் ஆளாகிறார்கள். ஆனால் சொத்துள்ளவர்கள் அதில் சௌகரியமாகவும் வலுவாகவும் உணர்கிறார்கள், இல்லாதவர்கள் அதில் தங்கள் அழிவைக் காண்கிறார்கள் என்றார்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது இதை நேரில் கண்டேன். எங்கள் வளாகத்துக்கு லாரிகள் வரிசைகட்டி வந்தன. கூடுதல் பணம் கட்டினோம், முணுமுணுத்தோம், குளித்தோம். அக்கா அந்த மாதங்களில் குடங்களோடு இரவு இரண்டு மணிக்கு வரிசையில் நின்றுவிட்டு, காலையில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து எங்கள் பாத்திரங்களைத் துலக்கினார். எனக்கு அது அசௌகரியம். அவருக்கு அது உறக்கமும் உடம்பும்.

மரத்துப்போவதற்கும் வசதி வேண்டும். எனக்குக் கண்ணை மூடிக்கொள்ள ஒரு கார் கண்ணாடி இருக்கிறது. அவர் எங்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. எங்கள் உள்ளாடை முதல் மருந்துச் சீட்டு வரை அவர் கையில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் எல்லாம் தெரிகிறது, மறுபக்கம் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நகரத்து ஏற்றத்தாழ்வின் நுட்பமான வடிவம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நோட்டைப் பார்த்த பிறகு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசினேன். வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் நிரந்தர அடையாள அட்டை தர வேண்டும், பையைத் திறந்து காட்டச் சொல்லக் கூடாது, எல்லா லிப்டிலும் எல்லாரும் ஏறலாம் என்று கேட்டேன். அட்டைக்கு ஒப்புக்கொண்டார்கள். லிப்டைப் பற்றி அரை மணி நேரம் வாதம் நடந்து, முடிவில் யார் எந்த லிப்டில் ஏறலாம் என்ற அறிவிப்புப் பலகை கழற்றப்பட்டது. பைச் சோதனைக்கு மட்டும் பாதுகாப்பு என்ற காரணத்தால் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்கப் போகிறேன்.

எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் கண்ணகி நகரின் கட்டடங்கள் தெரியும். துணி உலர்த்தும்போது அக்கா ஒருமுறை கைகாட்டினார். "அதோ அந்தத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதாம்மா? அதற்குப் பின்னால்தான் எங்கள் வீடு." எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிந்தது. சென்ற தை மாதம் அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. ஆறு ஆண்டுகளில் முதல்முறையாக அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். தூரத்தில் எங்கள் குடியிருப்பின் நான்கு கோபுரங்கள் வரிசையாக நின்றன. எங்கள் வீடு எது என்று கண்களால் தேடினேன். மாடிகளை எண்ணிப் பார்த்தும் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவின் பேரன், ஒன்பது வயது இருக்கும், விரலை நீட்டினான். "இரண்டாவது கட்டடம். மேலிருந்து நான்காவது வரிசை. பச்சைத் தொட்டிச் செடி இருக்கிறதே, அதுதான் உங்கள் வீடு. ஆயா காட்டியிருக்கிறது."

அவன் எங்கள் வீட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.